ஒன்றரை மணி வேட்டு

எங்கள் வீட்டிலிருந்து சுண்ணாம்புக்கல் சுரங்கம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. மதியம் ஒன்றரைக்குப் பாறைக்கு வேட்டு வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து அடங்கும். அரியலூரில் இது எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று, எங்கள் செவலை நாயைத் தவிர.

"உக்காரு" என்றால் உட்காரும். "இரு" என்றால், நான் வாசல்வரை போய்த் திரும்பும்வரை அசையாது. ஆனால் வேட்டுச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளும். மறுநாள் "உக்காரு" என்றாலே சந்தேகமாகப் பார்க்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நானும் விடவில்லை. தினமும் ஒன்று இருபதுக்கே பிஸ்கட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒரு கண் நாய்மேல், ஒரு கண் சுவர்க்கடிகாரத்தின்மேல். ஓடினால் கத்துவேன். போகப்போக, வேட்டுக்கு முன்பே ஓடத் தொடங்கியது. எரிச்சலில் பிஸ்கட் பாக்கெட்டைச் சுவரில் விட்டெறிந்ததும் உண்டு.

ஒரு நாள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், நாய் கட்டிலுக்கடியில். "வெளிய வா சனியனே!" என்று கத்தினேன். வரவில்லை. ஒன்றரை ஆனது, ஒன்றே முக்காலும் ஆனது. வேட்டுச் சத்தத்தையே காணோம்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு சுரங்கத்துக்கு லீவுங்க. பின்ன அது எதுக்கு ஓடுச்சு?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன். என் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கையிலிருந்த பிஸ்கட் தூளாகியிருந்தது.