காலண்டரில் காலியாக இருந்த கட்டங்கள்

பெரிய எண்கள் அச்சிட்ட, முடிந்துபோன ஆண்டின் மாதக் காலண்டர் அது. ஆண்டு முடிவில் மளிகைக் கடைகளில் சும்மா கொடுப்பார்களே, அந்த வகை. லிங்கி ஆற்றோரத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில், ஒரு வீட்டின் சமையலறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தேதிகளுக்குக் கீழே நீலப் பேனாவில் குறிகள். கடல் பொங்கி ஆற்று நீர் ஏறும்போது வாசலின் முதல் படியைத் தொட்டால் ஒரு கோடு, இரண்டாம் படிக்கு இரண்டு, மூன்றாம் படிக்கு மூன்று. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் வட்டம். தண்ணீர் வராத நாளுக்கு ஒரு புள்ளி.

குறித்து வைத்தவரை நான் அக்கா என்று அழைத்தேன். தோட்டத்தை விற்று, எண்ணெய்க்காக வளர்த்த செம்பனை மரங்களை அழித்த பிறகும் இடத்தை விட்டுப் போகாத ஆறு குடும்பங்களில் ஒன்று அவருடையது. போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை அவருக்கு. நான் அப்போது, கடலோர நகரங்களின் வளர்ச்சி நிலைத்து நிற்கக்கூடியதா என்பதை அளந்து வரைபடத்தில் நிறங்களாகக் காட்டும் குழுவில் இருந்தேன். குடிநீர், குப்பை, வெள்ளம், மரநிழல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். எல்லாம் சேர்ந்து ஓர் இடத்தின் நிறம். பச்சை என்றால் கவலையில்லை. சிவப்பு என்றால் கரையை உயர்த்தும் வேலை அங்கேதான் முதலில் தொடங்கும்.

லயத்தின் வெள்ளத்தை அளக்கப் போன அன்று நான் டேப்பை எடுத்துப் படிகளின் உயரத்தை அரை சென்டிமீட்டர் பிசகாமல் அளந்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"மூணு படிய எண்ண முடியலன்னா ஆபீஸ்லருந்து டேப்பத் தூக்கிட்டு வந்தீங்க? என்னைக் கேட்டா சொல்லிருப்பேன்லா."

காலண்டரைக் கேட்டதும் தயங்காமல் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். "பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்க தம்பி. கேஸ் மாத்துன தேதியெல்லாம் அதுலதான் இருக்கு."

அலுவலகத்தில் அவருடைய கோடுகளைச் சென்டிமீட்டராக மாற்றினேன். ஆண்டுக் கடைசி இரண்டு மாதங்களில் மட்டும் தொடர்ச்சியாகப் பல கட்டங்கள் காலி. கோடு இல்லை, வட்டம் இல்லை, புள்ளிகூட இல்லை. ஒரு மாதத்தில் ஐந்து நாட்களுக்கு மேல் பதிவு விட்டுப்போனால் அந்த மாதத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அதை எழுதியவனே நான்தான். மழை மாதங்கள் இரண்டும் போனதும் விதிப்படி அந்த ஆண்டே செல்லாததாகிவிட்டது. பதிவில்லாத இடத்துக்கு, பக்கத்தில் அளந்த இடத்தின் மதிப்பெண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி கணினியில் அமைத்திருந்தோம். பக்கத்தில் அளந்த இடம் அக்கா வேலை செய்த ஹோட்டலின் கடற்கரை. லயம் பச்சையாயிற்று. அக்காவின் தொலைபேசி எண் என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஏன் அந்த நாட்களை விட்டுவிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றைய நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வரைபடம் முடிந்தது. இருமுறை சரிபார்த்தேன். பிழை இல்லை."

நகர மண்டபத்தில் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, வேலை முடிந்து ஹோட்டல் சீருடையோடு அக்கா வந்தார். ஆற்றின் வழியே விரலை நகர்த்தித் தன் வீட்டைக் கண்டுபிடித்தார்.

"எங்க எடம் பச்சையா இருக்கே தம்பி. பச்சைன்னா கரை போட்டுருவாங்களா?"

"இல்லக்கா. சிவப்பு எடத்துக்குத்தான் முதல்ல."

"அப்ப எங்களுக்குச் செவப்புப் பூசியிருக்கலாம்ல. பெயின்ட் தீந்துபோச்சா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காலண்டரில் சில வாரங்கள் காலியாக இருந்ததை, குற்றம் கண்டுபிடித்தவன் குரலில் சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அந்த நாளெல்லாம் நாங்க பாலாய் ராயா மண்டபத்துல பாய் போட்டுப் படுத்துக் கெடந்தோம் தம்பி. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. யாரு போயி கோடு போடுறது?"

பக்கத்தில் குழுத் தலைவர் நின்றிருந்தார். வரைபடத்தின் மூலையில் சரிபார்த்தவர் என்று என் பெயர் இருந்தது. "திருத்திடலாம்கா" என்றேன். திருத்தம் சொல்ல வெள்ளிக்கிழமை வரை அவகாசம் இருந்தது. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் என் விதியே தவறு என்று எழுத வேண்டும். பெருவெள்ளம் வந்த நாட்களைத்தான் அது வெள்ளப் பதிவிலிருந்து நீக்கியது என்று எழுத வேண்டும். அலுவலகத்தில் கணக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெயரை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை போயிற்று.

கரை வேறிடத்தில் உயர்ந்தது. அடுத்த மழையில் லயத்தின் பின்சுவர் சரிந்து, ஆறு குடும்பங்களும் ஆளுக்கொரு திசையில் போயின. அக்கா ரெம்பாவில் மகள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக்குப் போனார். ஹோட்டலுக்கு அங்கிருந்து பஸ் சரிப்படாமல் வேலையும் போயிற்று.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, போன மாதம்தான் காலண்டரை எடுத்துக்கொண்டு ரெம்பாவுக்குப் போனேன். மூன்றாம் மாடி. அக்கா மைலோ கலக்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பற்றிச் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். அவர் குவளையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"அன்னைக்கு நீங்க திருத்திடலாம்னு சொன்னதை வீடு வீடாப் போயி சொன்னேன் தம்பி. கரை வருது, யாரும் போயிடாதீங்கன்னு."

காலண்டரை நீட்டினேன். வாங்கவில்லை. "இங்க எந்தத் தண்ணி ஏறப் போகுது? நீங்களே வச்சுக்குங்க."

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. இன்று காலை அதன் பக்கத்தில், வரைபடம் போட்ட ஆண்டின் நாட்குறிப்பை எடுத்து வைத்து, அந்த வெள்ளிக்கிழமையைத் தேடினேன். பல் பிடுங்கிய நாளில்கூட இரண்டு வரி எழுதியவன் நான். முந்திய நாள் இருக்கிறது, மறுநாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.