ரயிலைத்தான் எடுத்தேன்

பாகிஸ்தானோடு போர் மூண்டிருந்த கார்த்திகை மாதம் அது. காஞ்சிபுரம் ரயில் நிலையத்தில், இங்கே படம் எடுக்கக் கூடாது என்று புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ரயிலையும் தண்டவாளத்தையும் எடுத்தால் எதிரிக்கு உளவு சொன்னதாகிவிடுமாம். எனக்கு அப்போது ஏழு வயது. எதிரி எங்கள் ஊர்வரை வருவான் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு எழுதித் தேறி, உத்தரவுக்குக் காத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை, ரயில் காட்டுகிறேன் என்று என்னை நிலையத்துக்கு அழைத்துப் போனார். சிநேகிதரிடம் வாங்கிய கேமரா தோளில் தொங்கியது.

எங்கள் தெரு அக்கா ஒருத்தி அங்கே கூடையோடு நின்றிருந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. செங்கல்பட்டில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் கையசைத்தேன். அவள் சிரித்துவிட்டுச் சட்டென்று தலை குனிந்துகொண்டாள். ரயில் ஊதிக்கொண்டு உள்ளே வந்தபோது மாமா கேமராவைக் கண்ணில் வைத்தார்.

பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்தார்.

"போர்டு கண்ணுக்குத் தெரியல? எதைடா எடுத்த?"

"ரயிலைத்தான் சார்."

"ரயிலு அந்தாண்ட வருது. நீ இந்தாண்ட திரும்பி நின்னுக்கினு இருந்த? அந்தப் பொண்ணு யாரு?"

"யாருன்னே தெரியாது சார்."

நம்ம தெரு அக்காதானே என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என் விரல்களை வலிக்கும்படி நெரித்தார்.

"குடு அதை. பிலிமைக் கழுவினா தெரிஞ்சிடுது."

மாமா கேமராவைக் கொடுக்கவில்லை. அதன் பின்மூடியைத் திறந்து, சுருளை மொத்தமாக வெளியே உருவி வெயிலில் விரித்துவிட்டார். போலீஸ்காரர் அறைந்த அறையில் மாமா கீழே உட்கார்ந்துவிட்டார். அக்கா ரயிலேறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்த குதிரை வண்டிக்காரர் ஒருவர் அழுதுகொண்டிருந்த என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

சும்மா இருந்திருந்தால் நாலு வசவோடு விட்டிருப்பார்கள். சுருளை ஏன் அழித்தாய், யாருக்காக ரயிலை எடுத்தாய் என்று நான்கு நாள் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கேட்டார்கள். அப்பா தினமும் போய் நின்றார். மாமா எல்லோரிடமும் அந்த ஒரே பதிலைத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தபோது இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுத்தபடியே, "ரயிலைப் பாத்ததே இல்லியாடா நீ?" என்று அழுதாள். போலீஸ் விசாரணையில் பெயர் கெட்டுவிட்டதால் வேலை உத்தரவு வரவேயில்லை. கால் தேறியதும் மாமா பெங்களூருக்குப் போனார். அங்கே ஒரு லாரி ஆபீசில் கடைசிவரை இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அந்த அக்காவைத் தை மாதம் ஆரணியில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால், மாமா வீடு திரும்பிய வாரத்துச் சனிக்கிழமை, தெருக்குழாயடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க மாமா எப்பிடிமா இருக்காரு?"

"காலு வீங்கிக்கினு இருக்குது. நடக்க முடியல."

"என்னைப் பத்தி எதுனா சொன்னாரா?"

எனக்கு மாமாவின் பேச்சில் முழு நம்பிக்கை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்றே நினைத்திருந்தேன். அதை அப்படியே ஒப்பித்தேன்.

"உன்னை எடுக்கவே இல்லியாம்க்கா. ரயிலைத்தான் எடுத்தாராம். உன்னை யாருன்னே தெரியாதுன்னு போலீஸ்காரர்கிட்டயே சொல்லிட்டாரு."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. படத்தில் தான் இல்லாமல் போனதற்குத்தான் இப்படி அழுகிறாள் என்று எண்ணினேன். பாவமாக இருந்தது.

"அழாதக்கா. அடுத்த வாட்டி உன்னையும் எடுக்கச் சொல்றேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.