பிலோ அக்கா பாடாமல் விட்ட நாலாம் அடி

ஜோசப் அண்ணை போய்விட்டார்.

காலையில் டொரொன்டோவிலிருந்து அவரின் மகள் ஜெனி வாட்ஸ்அப்பில் சொன்னாள். 

யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், நாரந்தனை ஆள். கப்பலில் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் லீவில் வந்தபோது எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு இங்கிலீஷ் புத்தகம், இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசவேண்டும். பிழைப்பதா சாவதா என்பதைக் கட்டை சொல்லும். ரோல்பிளேயிங் கேம் என்று என் பேரன் இப்போது எனக்கு வகுப்பெடுக்கிறான். நாங்கள் அப்போதே அண்ணை வீட்டுக் குசினி மேசையில் சட்டிபானையை ஒதுக்கிவிட்டு ஆடி முடித்துவிட்டோம் தம்பி!

அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்மார். ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரம் நான் வேலணையிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேருவேன். ஜெனி அப்போது ஏணைத் தொட்டிலுக்குள்.

புத்தகத்தில் வாள்காரன் இருந்தான், மந்திரவாதி இருந்தான், கள்ளன்கூட இருந்தான்.

"புலவன் ஒருத்தன் இல்லையோ? எங்கட கூத்தில ராசா வாளோட வந்து பாட்டெல்லோ பாடுறார்," என்று கேட்டார் பிலோ அக்கா.

அப்படிப் பிறந்தவன்தான் பாட்டு வீரன். கதையை நடத்துவது அண்ணை; விதிகளையும் அவரே யோசிப்பார், அக்கா அந்தப் பாத்திரமாக ஆடிப் பார்ப்பார். முதலில் அக்கா பாடினாலே எதிரிகள் எல்லாம் விழுந்தார்கள்.

"இது சரிவராது. நீர் வாயைத் திறந்தால் ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்," என்றார் அண்ணை.

"வீட்டிலயும் அப்பிடித்தானே," என்றார் அக்கா. நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜெனி எழும்பிவிட்டாள்.

பிறகு அண்ணை விதியை மாற்றினார். பாட்டு வீரன் எந்த வாசலிலும் நின்று, கூத்தில் மேடைக்கு வருபவர் பாடுவதுபோல, நாலடி வரவுப்பாட்டு பாடவேண்டும். முடிக்குமட்டும் உள்ளே வர முடியாது. முடித்துவிட்டால் எந்தக் கதவாலும் தடுக்க முடியாது.

அதைச் சோதித்த நாள்... என் பாத்திரம் கோட்டைக்குள். பிலோ அக்கா வெளியே. எழும்பிப்போய் உண்மையான வாசற்படியிலேயே நின்று பாடினார்.

அலைகடலைத் தாண்டி வந்தேன்
விலையில்லா வாள் சுமந்தேன்
நிலைப்படியில் வந்து நின்றேன்...

நாலாவது அடி வரவில்லை. விரலை மடித்து மடித்துப் பார்த்தார். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"வாற ஞாயிறு பாடுறன்," என்றார்.

கூத்துக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகையைப் பாதியில் நிறுத்தினாலும் மங்களம் பாடாமல் எழும்பமாட்டார்கள். வரவு பாடி வந்தவன் அங்கேயே நின்றுவிடுவான் என்பார்கள். அக்கா அதைச் சொல்ல, அண்ணை கட்டையைப் பெட்டிக்குள் போட்டபடி, "விளையாட்டுக்கும் மங்களமோ?" என்று சிரித்தார்.

அந்தக் கிழமையே அக்காவுக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறு அவரைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனபோது அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இஞ்சாரும்... அவள் வாசல்ல நிக்கிறாள். மூண்டடி பாடுறாள். பிறகு நிப்பாட்டுறாள்."

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வெளியே வரும்போது பார்த்தால், வாசற்படியில் இரண்டு ஈரக்கால் அடையாளம். கிணறே வற்றிக்கிடந்த சோளகக் காற்றுக் காலம் அது. கடந்துதான் வந்தேன், மிதிக்கவில்லை.

பிறகு அவர் கப்பலுக்குப் போனார், கனடாவுக்குப் போனார். பதினாலாம் மாடியிலிருந்து போன் எடுத்தார். "இஞ்சையும் வந்திட்டாள்!"

அதன்பிறகு எப்போது கதைத்தாலும் ஒரே கேள்விதான். "நீர் ஒருக்கா அந்த நாலாவது அடியைப் பாடிவிடுமன். கதை நடத்துறவன் பாடினால் செல்லாது."

"அண்ணை, எனக்கு ஏலாது," என்பேன். அவருக்கு அக்கா உள்ளே வரவேண்டும். எனக்குப் பயம். என் பாத்திரமும் அந்தக் கோட்டைக்குள்தானே இன்னும் இருக்கிறது...

ஜெனிக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

"அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆரோ பாடுறதைக் கேக்கிற மாதிரிக் கிடந்தவர் மாமி. ஒவ்வொரு விரலா மடிச்சவர். நாலாவது விரலையும் மடிச்சிட்டு, 'ஓம்... உள்ள வாரும்' எண்டு சிரிச்சவர். அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரி அறைக்குள் தண்ணீராம். ஏசி லீக் என்று நர்ஸ் துடைத்தாராம்.

மத்தியானம் நான் இப்போது இருக்கும் இந்த மண்கும்பான் வீட்டு வாசலில் தனியாக நின்று மங்களம் பாடினேன்.  

போயிட்டு வாங்கோ அண்ணை. நல்லாய்க் காத்திருந்துவிட்டீர்கள்.

பிலோ அக்கா, அவரைக் கவனமாகக் கூட்டிக்கொண்டு போங்கோ. இந்தப் பக்கம் வரவேண்டாம்.

கதவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்... பூட்டி என்ன பயன் என்றும் தெரியும்.