நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு

என் மனைவியின் தம்பி முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன். தெருவில் அவனுக்குப் பெயர் மீட்டர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அவனோடு பத்து நாள் வெளிநாடு போய்விட்டு வந்து கேட்கட்டும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் குழாய்க்காரன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் அரையாண்டு வரைதான். பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் பிடித்தேன். இன்று மூன்று கடை, நாற்பது ஆள். நான் அடைத்த கசிவு மறுபடி ஒழுகியது என்று இன்றுவரை ஒருவனும் என் வாசலில் வந்து நின்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்பவருக்குப் பெருமையாகத் தெரிந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

மீட்டர் வேறு ரகம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே அவனுக்கு மெமோ வந்தது. ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறது. இவன் பெட்டியைத் திறக்கவே இல்லை. கணக்கெடுக்காததற்குக் காரணம் எழுதும் இடத்தில், "குஞ்சு இன்னும் பறக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். மேலதிகாரி கூப்பிட்டு, "எப்பய்யா பறக்கும்?" என்று கத்தினார். "பதினாறு நாள் ஆவும் சார், இன்னையோட பத்து" என்றிருக்கிறான். அன்றிலிருந்து அவனுக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே எழவில்லை. அவனும் கேட்கவில்லை. தெருவில் நடந்தால் அவனுக்குச் சுவரிலும் கம்பியிலும் கூரையிலும் உட்காரும் பறவைகள் போதும்.

அதில் ஒரு பறவைமேல் மட்டும் அவனுக்குத் தீராத ஆசை. தகைவிலான் என்று பெயர். முதுகு கருநீலம், தொண்டை செங்கல் நிறம், வால் நுனியில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். குளிர் தொடங்கினால் எங்கிருந்தோ வந்து மின்கம்பியில் வரிசையாக உட்காரும், வெயில் ஏறினால் போய்விடும்.

"நம்ம கம்பியில உட்காருது, நம்ம பூச்சியைத் தின்னுது, ஆனா வீடு மட்டும் இங்கே கட்டாது அத்தான்" என்பான். "எத்தனை ஆயிரம் வீட்டுக்குள்ள போயிருக்கேன்! அதோட வீட்டை ஒரு தடவை பார்த்துட்டா போதும். அது கட்டி முடிச்சுக் குடிபோறதைக் கண்ணால பார்க்கணும்."

ஓய்வு பெற்றதும் ஒரு பயண நிறுவனத்தில் சீட்டு எடுத்துவிட்டான். பழைய சிற்றூர்கள், காட்டு உயிர்கள், பத்து நாள். "தனியா போனா கம்பியைப் பார்த்துக்கிட்டே ரயிலை விட்டுடுவான், நாமளும் போவோம்" என்றாள் என் மனைவி. போனோம். துண்டில் சுற்றி என் ஸ்பேனரையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

"அங்கே எதுக்குங்க அது?" என்றாள்.

"டாக்டர் வெளியூர் போனா ஊசியை வீட்டுலயா வச்சுட்டுப் போவார்?" என்றேன்.

முதல் ஏழு நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரக் குடிசைக்குள் பதினொரு பேர் மூச்சை அடக்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மானின் காதைப் பார்த்தோம். ஒரே காது. படகில் போய் நீர்நாய் பார்த்தோம். அது எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஊருக்கு ஊர் கோட்டைச் சுவர். ஆயிரம் வருஷம் பழசு என்று எல்லோரும் வாய்பிளந்தார்கள். சுவரில் நாலடிக்கு ஈரம் ஏறியிருப்பதை நான் ஒருவன்தான் சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கடைசி ஊரில் மூன்று நாள். கல் பாவிய சதுக்கம், அதன் ஓரத்தில் பழைய நகரவாசல், வளைவாகக் கட்டியது. அங்கே எங்களுக்கு வழிகாட்டி ஒரு அம்மாள், கையில் மஞ்சள் குடை. அவர் தன் மொழியில் போனிடம் பேசுவார், போன் செய்தி வாசிப்பது போல நம் மொழியில் சொல்லும். "மேலே நோக்குங்கள். பறவை இணை இல்லம் அமைக்கிறது" என்றது போன்.

பார்த்தோம். வளைவின் மூலையில் அரைக் கிண்ணம் மாதிரி ஈரமண் கூடு. தகைவிலான் ஜோடி மாறி மாறி மண் உருண்டை கொண்டுவந்து ஒட்டுகிறது. முக்கால் பாகம் முடிந்துவிட்டது. மீட்டர் நோட்டும் பென்சிலும் எடுத்தான். நாற்காலி ஒன்றை வாங்கிப்போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் ரெண்டு நாள்ல விளிம்பு முடிஞ்சிடும் அத்தான். நாளன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத்தானே நமக்கு பஸ்ஸு? பார்த்துடலாம்" என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே எனக்கு விழிப்பு. சதுக்கத்துக்குப் போனேன். நடுவில் ஒரு கல்தொட்டி, அதன் பின்னால் பழைய இரும்பு வால்வு. அதன் கழுத்திலிருந்து சொட், சொட் என்று தண்ணீர். கீழே கல் பெயர்ந்த இடத்தில் சேறு. எத்தனை வருஷமாகவோ ஒழுகுகிறது, ஒருவனுக்கும் ரோஷமில்லை. எனக்குக் கை அரித்தது. ஸ்பேனரை எடுத்துவந்து, நட்டைக் கழற்றி, உள்ளே கசிவடைக்கச் சுற்றியிருந்த மக்கிப்போன கயிற்றை எடுத்துவிட்டு, ஸ்பேனரோடு கொண்டுவந்திருந்த புது நூலைத் திணித்து இறுக்கினேன். இருபது நிமிஷம். ஒரு சொட்டு கிடையாது. அந்த ஊர் வரலாற்றில் எழுத வேண்டிய காலை அது.

எழுதவும் ஏற்பாடு நடந்தது! பத்து மணிக்கு நகராட்சிக்காரர் ஒருவர் வழிகாட்டி அம்மாளோடு விடுதிக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எட்டு ஆண்டுகள் ஒழுகிய குழாயைச் செப்பனிட்ட விருந்தினருக்கு நாளை பதினொரு மணிக்கு நகரத் தலைவர் பாராட்டுப் பத்திரம் வழங்குவார்" என்றது போன். என் பெயர் போட்ட காகிதம் என்று நான் வாங்கியதெல்லாம் பில்லும் ரசீதும்தான். விட்ட பள்ளிக்கூடத்தில்கூட ஒரு காகிதம் வாங்கவில்லை. அன்று காலைச் சாப்பாட்டை இரண்டு முறை சாப்பிட்டேன்.

மத்தியானம் மீட்டர் ஓடிவந்தான். "அக்கா, வேலை நின்னுபோச்சு! காலையிலேர்ந்து ஒரு உருண்டை வரலை. சும்மா வந்து உட்காருது, கத்துது, போகுது."

மூவரும் போனோம். இரண்டு பறவைகளும் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. தரையிறங்கிக் காய்ந்த மண்ணைக் கொத்தின, விட்டுவிட்டு எழும்பின. மழை பெய்து மூன்று வாரம். ஆற்றங்கரை முழுக்கக் கல்கட்டு. அந்த ஊரில் ஈரமண் இருந்ததே அந்த ஒரு முழ இடத்தில்தான்.

என் மனைவி தரையைப் பார்த்தாள். வால்வில் பளபளக்கும் நட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, காலையில எங்கே போனீங்க?"

"நடக்க."

"ஸ்பேனரையும் நடத்திக் கூட்டிட்டுப் போனீங்களா?"

நான் நகர்ந்து நட்டை மறைத்து நின்றேன்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா, கடல் தாண்டி வந்து ஒரு குருவி வீட்டுக்குத் தண்ணியை நிறுத்தியிருக்கீங்களே! நல்லா இருக்கா?"

வழிகாட்டி அம்மாளிடம் கேட்டோம். "நாளைக் காலையும் சேறு கிடைக்காவிடில் பறவைகள் இல்லத்தைக் கைவிடும்" என்றது போன், ஏதோ வெள்ளச் செய்தி போல.

மீட்டர் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டியிருப்பேன். அவன் திட்டவில்லை. "உங்களுக்குத் தெரியாதுல்ல அத்தான், விடுங்க" என்று சொல்லி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான். பென்சிலையும் வைத்தான். நாற்காலியை எடுத்துப்போய் எடுத்த இடத்தில் போட்டான். அதுதான் என்னைக் கொன்றது.

அன்று முழுக்க நான் இரண்டு மனதாக அலைந்தேன். ஒரு பக்கம் பத்திரம். இன்னொரு பக்கம் இவன். போகட்டும் பத்திரம் என்றாலும், ஐம்பது வருஷத்தில் தெரிந்தே ஒரு கசிவை நான் விட்டதில்லையே! என் கையாலேயே ஒழுகவிடுவதா? மீட்டரோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பொடியாக்கிக்கொண்டிருந்தான். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

விடிந்ததும் அவனை எழுப்பினேன். "எழுந்திருப்பா. வந்து தொட்டிகிட்ட நில்லு."

நட்டைத் தளர்த்தினேன். ஒழுகவில்லை. இன்னும் தளர்த்தினேன். ம்ஹூம். என் வேலை என்னையே எதிர்த்து நின்றது. நூலைப் பாதி உருவியதும் பீய்ச்சி அடித்து என் சட்டை நனைந்தது.

"இவ்வளவு வேணாம் அத்தான், சேறு கரைஞ்சிடும். முன்னே நாப்பத்திரண்டு."

"என்ன நாப்பத்திரண்டு?"

"நிமிஷத்துக்குச் சொட்டு. வந்த அன்னைக்கே எண்ணி எழுதிட்டேன்." நோட்டை எடுத்துக் காட்டினான். தேதி, மணி, குழாய், நாற்பத்திரண்டு. பழக்க தோஷம். ஒழுகும் குழாயைக்கூடக் கணக்கெடுக்காமல் அவனால் தாண்ட முடியாது.

நான் திருகினேன், அவன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான்.

"அறுபது."

"இப்போ?"

"முப்பத்தொண்ணு. கஞ்சத்தனம் பண்றீங்க."

"யாரைப் பார்த்துடா கஞ்சன்ற? இப்போ?"

"நாப்பத்தஞ்சு... பொறுங்க... ஒரு மயிரிழை..."

நாற்பத்திரண்டில் நின்றது. ஒழுகலை நிறுத்த ஆயிரம் பேர் உண்டு. சொன்ன கணக்குக்கு ஒழுகவைக்க என்னை விட்டால் ஆளில்லை; கூலிக்குச் சொல்லவில்லை, சும்மாவே சொல்கிறேன். எட்டு மணிக்கு மண் குழைந்தது. எட்டரைக்கு முதல் பறவை இறங்கியது.

பதினொரு மணிக்கு நகரத் தலைவர் பத்திரத்தோடு வந்தார். நகராட்சிக்காரர் பெருமையாக வால்வைக் காட்டினார். சொட், சொட். அவர் முகம் தொங்கிவிட்டது. ஒரு தகைவிலான் தலைவரின் இரண்டு பூட்ஸுக்கும் நடுவே இறங்கி மண் எடுத்துக்கொண்டு போனது. என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"நான்தான் அடைச்சேன், நான்தான் திறந்தேன். ரெண்டும் நல்ல வேலை" என்றேன். போன் அதை எப்படிச் சொன்னதோ, தலைவர் நெடுநேரம் வளைவையே பார்த்தார். பிறகு என் கையைக் குலுக்கிவிட்டு, பத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல தடித்த காகிதம்.

ஒன்றரை மணிக்கு விளிம்பு முடிந்தது. ஒரு பறவை உள்ளே உட்கார்ந்து மார்பால் மண்ணை அழுத்தியது. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"குடிபோயிடுச்சு அத்தான்" என்றான் மீட்டர். கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் ஒரு நொடி வீணாகிவிடுமாம்.

"பஸ்ஸு போயிடும்டா" என்றாள் என் மனைவி. அவளும் நகரவில்லை.

அவன் நோட்டில் எழுதினான்: தேதி, மணி, கூடு முழுமை, சொட்டு நாற்பத்திரண்டு. குழாய்க்காரர் கைவேலை என்றும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, பெரிய கடையில் மாட்டியிருக்கிறேன்.