ஒண்ணாம் புத்தகம் நனைந்த ஆயுத பூஜை

கோயமுத்தூர்க்காரர்களுக்குப் புயல் என்பது ரேடியோவில் வரும் சமாச்சாரம். மெட்ராசில் மரம் சாயும், கடலூரில் படகு கவிழும். நாம் "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு இன்னொரு காபி கேட்போம். தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர்ப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கேயும் எல்லோருக்கும் இதே நினைப்புதான்.

இப்போது துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்திரம் இன்று கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. முன்பெல்லாம் பதிவான ஒவ்வொரு பத்திரத்தையும் ஒரு எழுத்து மாறாமல் தடித்த வால்யூமில் மசியால் பெயர்த்து எழுதி வைத்தார்கள். நிலம், வீடு எல்லாம் ஒண்ணாம் புத்தகம். வீட்டில் இருக்கும் அசல் தொலைந்தாலோ எரிந்தாலோ அந்த வால்யூம்தான் கதி. வேறு பிரதி கிடையாது. அப்பேர்ப்பட்ட புத்தகங்களை நாங்கள் வைத்திருந்தது ஒரு பழைய ஓட்டு வீட்டில். பின்பக்கம் குட்டை. ரேக்கின் அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.

1. பூஜையில் வைத்தது

பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் மாராத்தாள் என்ற பெண் நகல் மனு கொடுக்க வந்தார். தோட்ட வேலைக்குப் போய், புருஷனும் அவருமாக வயிற்றைக் கட்டி வாங்கிய அரை ஏக்கர். புருஷன் காலமாகிவிட்டார். கூரை வீடு தீப்பிடித்ததில் அசல் பத்திரமும் போய்விட்டது. இதுதான் சாக்கு என்று பக்கத்துத் தோட்டக்காரர் பாதி நிலம் தன்னுடையது என்று வழக்குப் போட்டிருந்தார். பூஜை லீவு முடிந்ததும் விசாரணை.

"நகல் இல்லாமப் போனா வக்கீலு கைய விரிச்சுப்போடுவாருங் அம்மணி. எனக்கு அந்தக் காட்ட உட்டா வேற ஒண்ணுமில்லீங்க" என்றார்.

நான் வால்யூமைத் தேடி எடுத்து என் மேஜையில் வைத்தேன். நகல் எழுதத் தொடங்குவதற்குள் பூஜை வந்துவிட்டது. லீவுக்கு முந்தைய நாள் மதியம் ஆபீசைக் கழுவி, டைப்ரைட்டருக்கும் இரும்புப் பெட்டிக்கும் சந்தனம் வைத்தோம். சீனியர் அசிஸ்டென்ட் ராமானுஜம் சார் நேராக என் மேஜைக்கு வந்து அந்த வால்யூமைத் தூக்கினார்.

"இது நகலுக்கு எடுத்தது சார்."

"அதனாலதானுங்க எடுக்கறேன். வேலைல இருக்கற புஸ்தகத்தத்தான் பூசைல வெக்கோணும். சும்மா கெடக்கறத வெச்சா சரசுவதிக்கு என்ன மரியாதைங்க?"

சரஸ்வதி படத்துக்குக் கீழே, தரையில் பலகை போட்டு, வால்யூமைச் சுவரில் சாய்த்து நிறுத்திப் பொட்டு வைத்தார். ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அடித்தட்டையாவது மேலே ஏற்றிவிட்டுப் போவோம் என்றேன்.

"புயலு மெட்ராசுக்குங்க. நமக்குத் தூறல் உழுந்தாலே பெரிசு" என்று பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஆனால் பூஜை நேரத்தில் என்ன பேசுவது? பொரியைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

2. மறுபூஜை

ஆயுத பூஜையன்று காலையில் நான் வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு மாராத்தாள் நின்றார். முழங்கால்வரை சேறு.

"ஏனுங் அம்மணி, குட்டை ரொம்பி ரோட்டு மேல தண்ணி போகுதுங். உங்க ஆபீசு பொறவால செவுரு முங்கிட்டே வருதுங். என்ற பத்திரம் உள்ள இருக்குதுங்களே!"

மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சார்பதிவாளர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார். சாவி ராமானுஜம் சாரிடம். அவர் வீட்டுப் பூஜையில் மணியடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஈர வேட்டியோடு கிளம்பி வந்தார். அதைச் சொல்லியாக வேண்டும்.

கதவைத் தள்ளினோம். உள்ளே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பொரியும் சாமந்தியும் மிதந்தன. பூஜைப் பலகை தண்ணீருக்குள் இருந்தது. அதன் மேல் சாய்த்து வைத்திருந்த வால்யூமின் அடிப்பக்கம் நனைந்துவிட்டிருந்தது. எடுக்கப் போன என் கையை ராமானுஜம் சார் தடுத்தார்.

"மறுபூசை ஆகாம எடுக்கப்படாதுங்க, சரோஜா. என்ற சர்வீசுல ஒருக்காக்கூட எடுத்ததில்லீங்க."

"சார், ஊறிக்கிட்டிருக்கு!"

"ஒரு நிமிசமுங்க. சூடம் காட்டிப்போடறேன்."

தீக்குச்சியைக் கிழித்தார். நமத்துப் போன குச்சி. இன்னொன்று. அதுவும் அப்படியே. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நானும் புத்தகத்தை மிதித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள்தான். ஆனால் காகிதம் தண்ணீரை உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரிந்தது. மசி நீல நீலமாகக் கசிந்தது. மாராத்தாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங் சாமி, சரசுவதி படமும் நனையுதுங்களே. மொதல்ல அவங்கள மேல கொண்டுபோய் வெய்யிங்க. அவங்களே எந்திரிச்சுப் போனா பூசை முடிஞ்சுதுன்னுதானுங்க அர்த்தம்?"

ராமானுஜம் சார் படத்தைப் பார்த்தார். தீப்பெட்டியைக் கீழே போட்டார். படத்தைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு போய், சார்பதிவாளர் உட்காரும் மேடையில் நாற்காலி மீது வைத்தார். "எடுங்க. எல்லாத்தையும் எடுங்க" என்று கத்தினார்.

ரெக்கார்டை ஆபீசுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. இருந்த ஒரே மேடு அந்த மேடைதான். மாராத்தாளின் வால்யூமை முதலில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு அடித்தட்டு. மூன்று பேரும் மாறி மாறிச் சுமந்தோம். எங்களைவிட ராமானுஜம் சார்தான் அதிகம் சுமந்தார். ஆனால் பின்சுவரை ஒட்டிய ரேக்கில் காகிதம் ஊறிப் பருத்து, வால்யூம்கள் ஒன்றோடொன்று இறுகிவிட்டன. இழுத்தால் காலிகோ துணி ஒட்டிய அட்டை மட்டும் கையோடு வந்தது. ராமானுஜம் சார் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

3. எல்லை விவரம்

மழை விட்டதும் மாராத்தாளின் வால்யூமின் தாள்களுக்கு நடுவே ஒற்றுத்தாள் வைத்து, விசிறியால் விசிறி, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தேன். மாராத்தாள் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பத்திரத்தின் சொத்து விவரம் பக்கத்தின் அடியில் இருந்தது. சரியாகத் தண்ணீர் ஏறிய இடம். மசி பரவியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் தடம் தெரிந்தது.

"கிழக்கே கிணத்து மேடு... தெற்கே இட்டேரிப் பாதை..." என்று வாசித்தேன். மேற்கு எல்லைக்குத்தான் வழக்கு. அந்த வரியை வெளிச்சத்தில் இன்னும் சாய்த்துப் பிடித்தேன்.

"போயிருச்சுங்களா அம்மணி?"

"இல்லக்கா, இருக்கு. மேற்கே வேலா மரத்து வேலி."

"அதேதானுங்க. அந்த வேலிதானுங்க" என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆபீஸ் திறந்த அன்று, நான் எழுதிய நகலைச் சார்பதிவாளர் தானே உட்கார்ந்து வால்யூமோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாராத்தாள் நகலை மடியில் கட்டிக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறினார். வழக்கு சில மாதம் இழுத்தது. கடைசியில் வேலி அவர் பக்கம் நின்றது.

தீர்ப்பைச் சொல்ல ஒரு பை அவரைக்காயோடு வந்தார். மேடையில் அப்போதும் அந்தப் பின்சுவர் ரேக்கின் வால்யூம்கள் கிடந்தன. காய்ந்து, கட்டிதட்டி, பிரிக்க முடியாமல் செங்கல் மாதிரி.

"இதெல்லாம் யாரு பத்திரமுங் அம்மணி?"

"யார் யாருதோக்கா. நெறையப் பேருது."

"அவங்களுக்குச் சொல்லியுட்டாச்சுங்களா?"

மாவட்டப் பதிவாளருக்கு ரிப்போர்ட் போயிருந்தது. பொதுப்பணித் துறைக்கு ஒரு கடிதம் போயிருந்தது. இண்டெக்ஸில் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் இருந்தும், அவர்களில் ஒருவருக்குக்கூட நாங்கள் ஒரு கார்டு போடவில்லை. அப்படி ஒரு யோசனையே எங்களில் யாருக்கும் வரவில்லை. நான் அவரைக்காய்ப் பையை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த வருஷத்திலிருந்து புரட்டாசி பிறந்ததும் அடித்தட்டைக் காலி செய்தோம். பூஜையில் பேனாவும் முத்திரையும் மட்டும். முதல் ஆளாக வந்து வால்யூமைத் தூக்கியவர் ராமானுஜம் சார். பிள்ளைகளே, மழைக்கு முன்னால் ரெக்கார்டை மேலே ஏற்றச் சொன்னால், பத்திரத்துக்காரர் யாரும் வந்து கேட்கவில்லையே என்று சோம்பாதீர்கள். அன்று குட்டை நிரம்பியபோது ஓடி வந்தவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாம் வீட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நம் காகிதம் சர்க்கார் கையில் இருக்கிறது, பயமில்லை என்று.