பவானேஸ்வரியின் மூன்று ஊதுகாரர்கள்

டுரியான் துங்கால் ஊரில் பவானேஸ்வரியைப் பற்றிக் கேட்டால், திரைச்சீலை தைக்கிறவளா என்பார்கள். பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். நாலு பேர் முன்னால் நின்றால் அவளுக்கு வாய் திறக்காது. ஆனால் அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. அதிலுள்ள இசை மென்பொருளில் கோர்டு என்கிற சுரக்கூட்டுகளை வரிசையாகத் தட்டிவிட்டால் போதும். டிரம்ஸ், பேஸ், கித்தார் எல்லாம் தாமாகவே வாசிக்கத் தொடங்கிவிடும். கோயில் பாட்டுப் போட்டியில் பாதிப் பிள்ளைகள் பாடியது அவள் செய்த இசைக்குத்தான்.

காளிதாஸ் நடத்தும் கல்யாணக் கச்சேரிக் குழுவில் டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்போன் ஊதிய மூவரும் ஒரே மாதத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பாச்சாங் மண்டபத்தில் கல்யாணம். இன்னும் ஆறே நாள். மணமக்கள் மேடையேறும் பாட்டுக்கு அந்த மூன்றும்தான் உயிர். பவானேஸ்வரி கணினியிலேயே செய்து தருவதாக ஒத்துக்கொண்டாள். தேறினால் குழுவின் இசை வேலை இனி அவளுக்கு. தேறாவிட்டால் வேறு ஆள்.

அவள் முதலில் செய்ததைக் கேட்டுக் காளிதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்ன தங்கச்சி, ரொட்டிக்காரன் மோட்டார்சைக்கிள்ல ஹாரன் அடிச்சிக்கிட்டு வர்ற மாதிரி இருக்குலா!”

காது சிவக்க வீட்டுக்கு வந்தாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். சுருதி சரி, தாளம் சரி. பிறகு என்னதான் குறை? டிரம்பெட் பகுதியைத் தானே வாயால் ஊதிப் பார்த்தாள். உதட்டைக் குவித்து, “பப்பாப் பாஆஆ” என்று விடாமல் இழுத்ததில் நாலாவது வரியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

லோரியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்த புருஷன் புவனேந்திரன் பதறிப்போனான்.

“ஏய், என்னாச்சு? கிளினிக் போலாமா?”

“மூச்சு பத்தலங்க!”

“அதான், வா போலாம்!”

“எனக்கு இல்லங்க, டிரம்பெட்டுக்கு!”

புவனேந்திரன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவளோ அதற்குள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஊதுகாரர்கள் மூச்சே விடாத பேய்கள்! நீண்ட வரிகளை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மனுஷன் மூச்சு வாங்குகிற அளவுக்கு இடம் விட்டாள். பாடகர் பாடும்போது மூவரையும் வாய் மூட வைத்து, அவர் நிறுத்தும் இடத்தில் மட்டும் ‘பளிச்’சென்று பாயவிட்டாள். மூவரும் ஒரே நொடியில் தொடங்காதபடி டிரம்போனை ஒரு மயிரிழை பிந்தவைத்தாள். சாக்ஸபோனின் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் வழுக்கி விழ விட்டாள். போட்டுக் கேட்டதும் கைமயிர் சிலிர்த்தது. “ஊதுறாங்கடி!” என்று தனக்குத்தானே கத்தினாள்.

அனுப்பியதற்குக் காளிதாஸிடமிருந்து ஒரே வரிதான் வந்தது: “மண்டபத்துல போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

சனிக்கிழமை மத்தியானம் கல்யாணம். பவானேஸ்வரி ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். பாடகர் முதல் அடியை முடித்து நிறுத்தினார். அந்த இடைவெளியில் மூன்று கருவிகளும் மண்டபத்தைக் கிழித்துக்கொண்டு எழுந்தன. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். இளவட்டங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆட ஓடினார்கள். காளிதாஸ் திரும்பி இவளைப் பார்த்து இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார்.

சமையல்கட்டில் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மணப்பெண்ணின் அம்மா மீனம்மா, கச்சேரி முடிந்ததும் கையில் மூன்று பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து நின்றார்.

“ஊதுன பசங்க எங்கம்மா? சாப்பிடாமப் போயிட்டாங்களா?”

பவானேஸ்வரி காளிதாஸைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். அவள் சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“மூனு பேரும் நான்தான்க்கா.”

மீனம்மா லேப்டாப்பை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார்.

“அப்பன்னா மூனையும் நீயே சாப்பிடு. அந்த ஊது ஊதியிருக்க, பசிக்காதா?”