கறுப்புத் தலைப் பூச்சி

டவுன் பஸ் ஓட்டும் டிரைவரம்மாவுக்குச் சட்டைப் பித்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது. அவள் தைத்த பித்தான் ஒரே வாரத்தில் கழன்று விழும். போகிற போக்கில் துணியையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும். பதினெட்டு வருஷமாக அத்தனை பெரிய வண்டியைச் சந்து சந்தாக வளைத்த கைக்கு ஊசியெல்லாம் எந்த மூலைக்கு? அப்படிப்பட்டவள்தான் கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் அரைமணி ஓய்வில், காலி பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து பூச்சி கட்டிக்கொண்டிருந்தாள்.

பூச்சி என்றால் ட்ரவுட் மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி. ஆற்றடியில் கல்லோடு கல்லாக ஊர்ந்து திரியும், இன்னும் இறக்கை முளைக்காத பூச்சிக்கு நிம்ஃப் என்று பெயர். மீனுக்கு அதன்மேல் உயிர். தூண்டில் முள்ளில் ஈயக்கம்பியைச் சுற்றி, அதன்மேல் இறகு நாரையும் முயல் முடியையும் சுற்றி, நூலால் தலைகட்டி முடித்தால் அச்சு அசலாக ஒரு நிம்ஃப். ஈயத்தின் கனம் அதை மீன் மேயும் ஆழத்துக்குக் கொண்டுபோகும்.

இந்த வேலையில் மன்னன் அவள் வீட்டுக்காரர். கடிகாரம் பழுது பார்த்தவர். போன வருஷம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கடையை மூடினார், பூச்சி கட்டுவதையும் விட்டார். மனிதருக்கு ரோஷம் ஜாஸ்தி. ஒருநாள் அவசரத்தில் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிடப் போனதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"பெட்டியில இருக்கிற பூச்சி தீர்ற வரைக்கும்தான் ஆத்துக்குப் போறது. அப்புறம் தூண்டிலைத் தூக்கிப் பரண்ல போட்டுடு" என்று சொல்லிவிட்டார்.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூன்றே மூன்று. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் நிற்கும்போதுதான் அவர் பழைய மனிதர். மற்ற ஆறு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளை அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

அவருடைய மேஜை டிராயரிலிருந்து சாமான்களை நைசாகக் கடத்தினாள். முள் துருப்பிடித்த ஒரு பழைய பூச்சியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, ஈயம் ஒன்பது சுற்று என்று எண்ணிக்கொண்டாள். அதன் தலையில் சிவப்பு நூல் இருந்தது. பூச்சிக்கு எங்கே சிவப்புத் தலை இருக்கிறது என்று கறுப்பு நூலையே எடுத்தாள்.

முதலில் கட்டியது கட்டிலுக்கு அடியிலிருந்து பெருக்கியெடுத்த குப்பை மாதிரி இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, எலிக்கு மீசை வைக்கிறீங்களா?"

"உங்களுக்குத்தான் வைக்கப் போறேன். போய் டீயைக் குடிங்க."

மூன்று வாரத்தில் பார்க்கச் சகிக்கிற மாதிரி ஆறு பூச்சி தேறின. அதற்குள் பெட்டியில் மிச்சமிருந்த இரண்டோடு கலந்து வைத்தாள்.

ஞாயிறு காலை ஆற்றங்கரையில் அவர் பெட்டியைத் திறந்தார். "பரவாயில்லையே, இன்னும் இவ்வளவு இருக்கா?" அவள் அவசரமாகச் செருப்பில் ஏதோ தேடினாள்.

தண்ணீர் கணுக்கால் அளவே ஓடிய இடத்தில் அவர் ஒரு கறுப்புத் தலையை வீசினார். அது மிதந்து வரவேண்டிய இடம். தொபுக்கென்று மூழ்கிக் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் இறங்கிப் போய் எடுத்துவந்தார். கடிகாரக்கடைப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை யாரு கட்டினது?"

"நீங்கதான்."

"நான் கட்டின கறுப்பு இப்படி முங்காது. ஈயம் வச்சதுக்குச் சிவப்பு நூல், வைக்காததுக்குக் கறுப்பு. இருபது வருஷமா அதுதான் எனக்கு அடையாளம்."

தூண்டில் பரணுக்குப் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பயத்தில் எல்லாம் கொட்டிவிட்டது.

"நான்தாங்க கட்டினேன். பஸ்ல உக்காந்து கட்டினேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோங்க. இங்க நிக்கும்போதுதான் நீங்க நீங்களா இருக்கீங்க. வீட்டுல இருக்கிற ஆளை எனக்குத் தெரியவே இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். அவர் பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலை கோணல்" என்றார். "முடி ஜாஸ்தி. கம்பளி போர்த்தின மாதிரி இருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஆனா கல்லுல அந்த இழு இழுத்தேன், ஒரு சுத்துகூட அவிழல."

தூண்டில் நரம்பு கல்லில் உரசி நைந்திருந்தது. அதை வெட்டிவிட்டு ஆழமான மடுப்பக்கம் நடந்தார். அங்கே நின்று பூச்சியையும் நரம்பின் நுனியையும் அவள் பக்கமாக நீட்டினார். கை நடுங்கியது, கூடவே நரம்பும் நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

"இந்த முடிச்சையும் நீயே போடு. ஒவ்வொரு வாரமும் பாறைக்குப் பின்னால போய் நின்னு, இது ஒண்ணுக்கே அரை மணி நேரம் போராடுறேன்."

அவள் முதலில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நரம்பை அப்புறம்தான் வாங்கினாள்.